குழிக்குக் கொடுத்த பணம் காடாகுமா?

மரம் நடப் பணமில்லை என்ற பேச்சு பழங்கதையாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் ஒன்றிய அரசு காடு வளர்ப்புக்கென்று 47,436 கோடி ரூபாயை 27 மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது. மாநிலத்தின் காடும் மரமும் சேர்ந்த பரப்பைப் பத்தாண்டுகளில் 33 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அதன் இலக்கு. ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு சுமார் 920 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றும் இங்கே நடக்கிறது. கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டிய நிறுவனங்கள், மழை தொடங்கியதும் மரக்கன்றுகளோடு வந்து நிற்கின்றன.

இத்தனை பணம் புழங்கும்போது சோலைமந்திக்கும் இருவாச்சிக்கும் வரையாட்டுக்கும் தேவாங்குக்கும் வாழிடம் எவ்வளவு கூடியது என்ற கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். இருப்பதோ எத்தனை லட்சம் கன்று நட்டோம் என்ற கணக்கு. எதை எண்ணுகிறோமோ அதற்குத்தான் பணம் கொடுக்கிறோம். கன்றை எண்ணுகிறோம், கன்று கிடைக்கிறது. காட்டை எண்ணும் நாள் வரை காடு கிடைக்காது.

கூடலூரிலிருந்து வந்த பணம்

இந்தப் பெரும் நிதியின் வேர் நம் நீலகிரியில் இருக்கிறது. கூடலூர்ப் பகுதிக் காடுகள் ஒருகாலத்தில் நிலம்பூர் கோவிலகத்துக்கு உரியவையாக இருந்தன. அங்கே மரங்கள் சட்டவிரோதமாக வெட்டப்படுவதைப் பார்த்துப் பொறுக்காமல், அந்தக் கோவிலகத்தைச் சேர்ந்த டி.என்.கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த இடைக்கால ஆணை, காடு என்ற பெயருக்குப் பொருந்தும் எந்த நிலத்திலும் ஒன்றிய அரசின் ஒப்புதல் இல்லாமல் வேறு வேலை நடக்கக் கூடாது என்று நாடு முழுவதற்கும் சொன்னது. ஒரு மனிதர் தன் ஊர்க் காட்டுக்காகத் தொடுத்த வழக்கு இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே திருப்பிப்போட்டது.

அந்த வழக்கின் கிளையாக, சுரங்கத்துக்கோ அணைக்கோ சாலைக்கோ காட்டை எடுப்பவர்கள் அதற்கு ஈடாகப் பணம் கட்ட வேண்டும், அந்தப் பணத்தில் வேறிடத்தில் காடு வளர்க்க வேண்டும் என்ற ஏற்பாட்டை 2002இல் நீதிமன்றம் வகுத்தது. ‘கேம்பா’ நிதி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். பணம் குவிந்தது, வேலை நடக்கவில்லை. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2013இல் கொடுத்த அறிக்கை அதைப் புட்டுவைத்தது. ஈடாகப் பெற்றிருக்க வேண்டிய காடல்லாத நிலம் ஒரு லட்சத்து மூவாயிரம் ஹெக்டேருக்கு மேல். கைக்கு வந்தது அதில் 27 விழுக்காடு. மரம் நடப்பட்டது வெறும் 7 விழுக்காட்டில். பிறகு 2016இல் இந்த நிதிக்கென்று தனிச்சட்டம், 2018இல் விதிகள், அதற்கடுத்த ஆண்டு மாநிலங்களுக்குப் பெருந்தவணை என்று பணத்தின் அடைப்பு நீங்கியது.

நீங்காதது இந்த ஏற்பாட்டின் அடியில் கிடக்கும் நம்பிக்கை: ஓரிடத்துக் காட்டை அழித்து இன்னோரிடத்தில் ஈடுகட்டலாம் என்பது. கிரேட் நிக்கோபார் தீவில் துறைமுகத்துக்கும் நகரத்துக்குமாக ஏறக்குறைய 130 சதுர கிலோமீட்டர் வெப்பமண்டல மழைக்காடு எடுக்கப்படுகிறது. அதற்கு ஈடாக மரம் நடுவதற்கு ஹரியானாவைக் காட்டினார்கள். நிக்கோபாரின் காட்டில் வாழும் மெகாபோட் பறவைக்கும் அங்கேயுள்ள ஷோம்பென் மக்களுக்கும் ஹரியானாவின் மரம் என்ன செய்யும்? ஏட்டில் இரண்டும் ஹெக்டேர். ஏட்டுக்கு வெளியே அவற்றுக்குள் எந்த உறவும் கிடையாது.

ஏடு இப்படிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்திய வன அளவைத் துறையின் கணக்கில், ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காட்டுக்கு மேல் மரவிதானம் இருந்தால் அது காட்டுப் பரப்பு. மரம் எந்த இனம், நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி இல்லை. தைலமரத் தோப்பும் காடு, முதுமலையின் இலையுதிர் காடும் காடு. வானிலிருந்து பசுமையை அளப்பதற்கு அந்த வரையறை போதும். பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவுசெய்ய அது போதாது. 33 விழுக்காடு என்ற இலக்கை நம் மாநிலம் இந்த அளவுகோலிலேயே எட்டிவிடலாம். வழியில் ஒரு இருவாச்சிக்குக்கூடக் கூடு கட்டப் பொந்து கிடைக்காமல் போகலாம்.

இது வெறும் அச்சம் என்று ஒதுக்க முடியாது. இமாச்சலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்தில் பல பத்தாண்டுகளாக அரசு செய்த நடவுகளை ஆராய்ந்து 2021இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. அத்தனை செலவுக்கும் பிறகு விதானப் பரப்பில் சொல்லும்படியான ஏற்றமே இல்லை. அங்குள்ள மக்கள் விறகுக்கும் தீவனத்துக்கும் நம்பியிருந்த அகல இலை மரங்கள் குறைந்து ஊசியிலை மரங்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தன. நட்டது பொய்யல்ல. குழி தோண்டியதும் கூலி கொடுத்ததும் உண்மைதான். காடு வரவில்லை.

வால்பாறை சொல்லும் வழி

காடு வந்த இடமும் உண்டு. ஆனைமலையில் வால்பாறை மேட்டுநிலம். ஒரு நூற்றாண்டுக்கு முன் மழைக்காட்டை வெட்டித் தேயிலையும் காப்பியும் வைத்த நாடு அது. தேயிலைக்கு நடுவே காட்டின் துண்டுகள் சில தப்பிப் பிழைத்தன. சில துண்டுகள் ஒரு ஊர் ஏரி அளவுகூட இருக்காது. இந்தத் துண்டுகளில்தான் சோலைமந்தி வாழ்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத குரங்கு, உலகில் அருகிவரும் உயிரினங்களில் ஒன்று. புதுத்தோட்டம் பக்கம் போனவர்கள், மரக்கிளை தொடர்பு அறுந்த இடத்தில் அது தார்ச்சாலையில் இறங்கிக் கடப்பதைப் பார்த்திருப்பார்கள்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர்.சங்கர் ராமன் ஆகியோர் 2000ஆம் ஆண்டையொட்டி இங்கே ஒரு வேலையைத் தொடங்கினார்கள். தோட்ட நிறுவனங்களோடு பேசி, அவர்கள் கைவசம் இருந்த சீரழிந்த காட்டுத் துண்டுகளை மீட்பதற்கு உடன்பாடு கண்டார்கள். உண்ணிச்செடியும் பிற களைகளும் மண்டிக் கிடந்த நிலத்தில் களையெடுத்து, அந்த மழைக்காட்டுக்கே உரிய மரங்களை நட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள்: வெடிப்பலா, கருங்குங்கிலியம், காட்டு ஜாதிக்காய், நாங்கு, ருத்திராட்ச வகைகள், நாவல் வகைகள், அத்தி வகைகள். வேலை இருபது ஆண்டுகளைக் கடந்தும் நின்றபாடில்லை. மரம் நடுவதற்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது அந்த ‘நின்றபாடில்லை’ என்பதைத்தான்.

இந்த வேலையின் நாட்காட்டியைக் கொஞ்சம் பாருங்கள். மழைக்காட்டு மரங்கள் பலவற்றின் விதை, நெல்விதைபோல மூட்டை கட்டி வைக்கத் தாங்காது. ஈரப்பதம் போனால் விதை செத்தது. விழுந்த சில நாட்களிலோ வாரங்களிலோ மண்ணுக்குப் போயாக வேண்டும். அதுவும் ஆண்டுதோறும் எல்லா மரமும் காய்ப்பதில்லை. ஒரு மரம் ஓராண்டு கொட்டும், அடுத்த ஆண்டு ஏமாற்றும். ஆகவே எந்த மரம் எங்கே நிற்கிறது, எப்போது பழுக்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும். காட்டுக்குள் விழுந்த விதையைக் காட்டுக்கே விட்டுவிட்டு, சாலையோரத்தில் விழுந்து வண்டிச் சக்கரத்தில் நசுங்கப் போகும் விதையைப் பொறுக்கி எடுப்பது வால்பாறையில் அவர்கள் கைக்கொண்ட முறை. பொறுக்கியதை நாற்றங்காலில் போட்டு, ஓராண்டு ஈராண்டு நிழலில் வளர்த்து, தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் நட வேண்டும். நட்டபின் களை மறுபடி ஏறும். குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு களையெடுக்காவிட்டால் கன்று மூச்சடைத்துப் போகும்.

நம் நிதி வரும் நாட்காட்டி வேறு. ஏப்ரலில் ஆண்டு பிறக்கிறது. ஒதுக்கீடு இறங்கி, ஒப்புதல் ஆகி, ஒப்பந்தம் முடிந்து பணம் கைக்கு வருவதற்குள் மழை பாதி போய்விடும். மார்ச் 31க்குள் செலவழித்துக் கணக்குக் கொடுக்க வேண்டும். நிறுவன நிதியின் கதையும் அதிகம் வேறில்லை. ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டு. அவசரத்தில் பணம் கிடைத்தவருக்கு அவசரத்தில் கிடைக்கும் கன்றுதான் வாய்க்கும். எந்த நாற்றங்காலிலும் ஆயிரக்கணக்கில் தயாராக நிற்பவை புங்கன், வேம்பு, மகோகனி, தேக்கு. நல்ல மரங்கள்தான், அவரவர் இடத்தில். வெடிப்பலா கேட்டால் கிடைக்காது. யாரும் இரண்டாண்டுக்கு முன்பே பணம் கொடுத்து விதைக்கச் சொல்லவில்லையே! நம் மலைகளில் பிழையான மரம் நடப்படுவதற்கு அதிகாரிகளின் அறியாமையைக் காரணம் சொல்வது சுலபம். என் பார்வையில், நிதியாண்டு என்ற ஏற்பாடே பாதிப் பழியைச் சுமக்க வேண்டும்.

வால்பாறை வேலையின் பலன் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. நட்டு ஏழு முதல் பதினைந்து ஆண்டுகள் ஆன இடங்களை, கையே வைக்காமல் விட்ட சீரழிந்த இடங்களோடும் நல்ல காட்டோடும் ஒப்பிட்டார்கள். மீட்ட இடங்களில் மரங்களின் அடர்த்தி, இன எண்ணிக்கை, சேர்ந்திருந்த கரிமம் மூன்றும் விட்ட இடங்களைவிடக் கூடுதல். மழைக்காட்டுப் பறவைகளும் அங்கே நன்றாகத் திரும்பியிருந்தன. ஆனாலும் நல்ல காட்டின் நிலையை அவை இன்னும் எட்டவில்லை. பதினைந்து ஆண்டு, இவ்வளவு கவனம், இத்தனை இனங்கள், அப்படியும் பாதி வழிதான். இருக்கும் காட்டை வெட்ட அனுமதி கொடுத்துவிட்டு நட்டு ஈடுகட்டுவோம் என்பவர்களுக்கு வேறு பதில் தேவையில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பெருங்காட்டை ஒட்டிய இடங்களில் நடாமலே ஓரளவு மீட்சி நடக்கிறது. தனித்துக் கிடக்கும் துண்டுகளில்தான் நடுவதால் பெரும் பலன். காரணம் எளிது. பக்கத்தில் காடு இருந்தால் இருவாச்சியும் மரநாயும் பழந்தின்னி வௌவாலும் விதையைக் கொண்டுவந்து போட்டுவிடும். அங்கே பணம் போக வேண்டியது களையெடுப்பவருக்கும் தீத்தடுப்புக் கோடு போடுபவருக்கும் காவல் நிற்பவருக்கும். கன்றே வாங்காத காடு மீட்புக்கு நம் திட்ட அறிக்கைகளில் தலைப்பே கிடையாது. படம் எடுக்க அங்கே ஒன்றுமில்லை என்பதால் நன்கொடையாளரும் வருவதில்லை.

ஆனைமலையிலும் பரம்பிக்குளத்திலும் தேக்கு, தைலமரத் தோப்புகளை இயற்கைக் காட்டோடு ஒப்பிட்ட இன்னோர் ஆய்வு 2020இல் வந்தது. மழை குறைந்த ஆண்டுகளில் ஒற்றை மரத் தோப்பின் கரிமம் சேர்க்கும் திறன் தடுமாறுகிறது. பல இனங்கள் கலந்த காடு தாக்குப்பிடிக்கிறது. காலநிலைக்காகத்தான் நடுகிறோம், எந்த மரமானால் என்ன என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மரம் நடக் கூடாத மலை

நீலகிரியின் உச்சிப் பகுதிக்கு வருவோம். இங்கே நம் பணம் செய்த தீமையையும் சேர்த்துப் பேசியாக வேண்டும்.

அவலாஞ்சி, மேல்பவானி, பைக்காராப் பக்கங்களில் மலையின் இயல்பு ஒரே விதமானது. மலை மடிப்புகளில் சோலை, வெளிச்சரிவுகளில் புல். உறைபனி விழும் இரவுகளில் திறந்த சரிவில் சோலை மரக் கன்று கருகிவிடும், புல் தாங்கும். இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் பிரித்துக்கொண்டு வாழ்ந்தவை சோலையும் புல்லும். ஆங்கிலேயர் வந்து பார்த்தபோது புல்வெளி அவர்களுக்குத் தரிசாகப் பட்டது. 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரமும் கற்பூர மரமும் வந்தன, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும். வெள்ளையர் போனபின் நாம் நிறுத்தவில்லை. விடுதலைக்குப் பிந்தைய ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அதை இன்னும் பெரிய அளவில், அரசுப் பணத்தில் செய்தோம். சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கூழ்மரம் தேவைப்பட்டது, பட்டைக்குச் சந்தை இருந்தது. மரம் நடுவது நாட்டுப்பணி என்று நம்பியே வன ஊழியர்கள் அந்தச் சரிவுகளில் நட்டார்கள். ஆலை மூடிவிட்டது. சீகை நிற்கவில்லை, விதை விதையாகப் பரவிக்கொண்டே இருக்கிறது.

பழனி மலையில் 1970களுக்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த இடத்தில் நிற்பது தோப்பு மரம். வன அளவைக் கணக்கில் இது காட்டுப் பரப்பின் ஏற்றம்! நம் மாநில விலங்கான வரையாட்டுக்கோ இது வீடிழப்பு. வரையாடு புல் மேயும், பாறைச் சரிவில் ஒண்டும். மரத் தோப்பு அதற்குச் சுவர். மந்தைக்கும் மந்தைக்கும் இடையே அந்தச் சுவர் எழுந்ததால்தான் அவை தனித்தனித் தீவுகளாகப் பிரிந்தன. தொதவர்களின் எருமைகளுக்கும் மேய்ச்சல் போனது. அவர்களின் கோயிற்குடில்களுக்கு வேய்வதற்கென்று சதுப்புகளில் தேடி அறுக்கும் புல்லும் அரிதாகிவிட்டது. மழைநீரைப் பிடித்து மெல்ல மெல்லக் கசியவிட்ட புற்சரிவுகளில்தான் குந்தா மின் திட்டத்தின் நீர்த்தேக்கங்கள் பலவற்றுக்கு நீர் வந்தது. அந்த நீரைக் குடிப்பவை இப்போது அந்நிய மரங்கள்.

2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு வரையாட்டுக்கென்று தனித் திட்டம் அறிவித்து 25.14 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் புல்வெளியை மீட்பதும் ஒரு பகுதி. மனமாரப் பாராட்ட வேண்டிய முடிவு. 2024 கணக்கெடுப்பில் மாநிலத்தில் 1,031 வரையாடுகள், அடுத்த ஆண்டில் 1,303. அதே 2022இல் அந்நியத் தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கான கொள்கையையும் அரசு வெளியிட்டது. இப்படி ஒரு கொள்கையை ஒரு மாநில அரசே எழுதிக்கொண்டது சிறிய செய்தி இல்லை. முதுமலையில் மஞ்சள் பூ பூத்துக் கண்ணைக் கவரும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ் மரத்தைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தொடர் கண்காணிப்பில் வெட்டி, அரசின் காகித ஆலைக்குக் கூழுக்கு அனுப்புகிறார்கள். அதன் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மானுக்கும் யானைக்கும் வேலையில்லை.

வெட்டியபின் என்ன என்பதில்தான் பணம் தடுமாறுகிறது. வெட்டிய மரத்துக்கு எடை உண்டு, விலை உண்டு. வெறுமையான மண்ணில் மறுபடி களை முளைக்காமல் நாட்டுப் புல்லை வேரோடு பிரித்து நட்டு, மூன்று நான்கு ஆண்டு கையால் களை பறித்துக் காப்பவருக்கு நாட்கூலி தவிர வேறு உறுதி கிடையாது. புல் நாற்றங்கால் என்ற சொல்லே நம் ஒப்பந்தப் புள்ளிகளில் இடம்பெற்றது மிக அண்மையில்தான். சீகையை எல்லா இடத்திலும் ஒரே அடியாக வெட்டுவதும் சரியில்லை. கொடைக்கானல் மலையில் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாக எழுந்து வருவதை அங்கே நாற்றங்கால் நடத்தியவர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்துச் சொன்னார்கள். சோலை எழும் இடத்தில் விட வேண்டும், புல் மிஞ்சியிருக்கும் இடத்தில் அகற்ற வேண்டும். இதைச் சரிவு சரிவாகப் போய்ப் பார்த்தே முடிவுசெய்ய முடியும். ‘இத்தனை ஹெக்டேர், இத்தனை கன்று’ என்ற ஒற்றைக் கட்டளையால் முடியாது.

சமவெளிக்கும் இதே நீதிதான். கடவூர் மலைகளில் தேவாங்குக்காக 2022இல் சரணாலயம் அறிவித்தோம். அந்தச் சிறு விலங்கு வாழ்வது முட்காடும் வறண்ட இலையுதிர் காடும் கலந்த நிலத்தில். அத்தகைய நிலத்தை ‘சீரழிந்த காடு’ என்று முத்திரை குத்தி அதில் நெருக்கி மரம் நடுவது அதற்குச் செய்யும் உதவியா? ஒன்றிய அரசு 2024இல் வகுத்த பசுமை வரவுத் திட்ட விதி, ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்றது. புதர்க்காடுகளும் அதில் அடங்கும். சூழலியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2025இல் அதைத் திருத்தி, ஐந்தாண்டு பராமரித்து 40 விழுக்காடு விதானம் கூடிய பிறகே வரவு என்றார்கள். ஐந்தாண்டு காத்திருக்கச் சொன்னது நல்ல மாற்றம். விதானத்தையே மறுபடி அளவுகோலாக வைத்தது பழைய பிழை. முட்காடு நலமாக இருந்தாலும் 40 விழுக்காட்டு விதானம் அதன் இயல்பில்லை.

கிழக்குக் கடற்கரையின் செம்மண்ணில் ஆரோவில் காட்டிய பாடமும் உண்டு. 1968க்குப் பிறகு, மண்ணரித்துப் பாளம் பாளமாகக் கிடந்த மேட்டில் வரப்பு கட்டி நீரை நிறுத்தி, முதலில் விரைவாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாக்களை நிழலுக்கு வைத்தார்கள். அந்த நிழலில் இந்தக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காட்டின் மரங்களை வளர்த்தார்கள்: பாலை, வீரை, காயா, கருங்காலி. விதைக்கும் மாதிரிக்கும் அவர்கள் பார்த்தவற்றுள் முக்கியமானவை, புதுச்சேரி – மரக்காணம் வழியில் புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சூழ்ந்திருப்பதுபோன்ற கோயிற்காடுகள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தது. ஏராளமான அக்கேசியாக்கள் சாய்ந்தன. அடியில் வளர்ந்திருந்த நாட்டு மரங்களுக்கு வெளிச்சம் கிடைத்தது. ஐயனாருக்கு அஞ்சி நம் முன்னோர் கைவைக்காமல் விட்ட சில ஏக்கர்கள் இல்லையென்றால், இந்தக் கடற்கரையில் எந்த மரம் நின்றது என்று கேட்டறியக்கூட இடம் இருந்திருக்காது. கோயிற்காடுகளைச் சுற்றுச்சுவர், மண்டபம், வாகன நிறுத்தம் என்று அரித்துத் தின்றுகொண்டே இன்னொரு பக்கம் கன்று நடுவதைப் போன்ற வீண்செலவு இல்லை.

பணம் எப்படிப் போக வேண்டும்

மரம் நடுவதை நிறுத்தச் சொல்ல நான் எழுதவில்லை. வயலோரத்தில், சாலையோரத்தில், ஏரிக்கரையில், பள்ளியில் நடுங்கள். நிழலும் வருமானமும் வரும். அது மரம் வளர்ப்பு. காடு மீட்பு என்ற பெயரில் ஒதுக்கிய பணத்தை மட்டும் அதிலிருந்து பிரித்து, வேறு நிபந்தனைகளோடு செலவிட வேண்டும் என்கிறேன்.

முதல் நிபந்தனை காலம். குறைந்தது பத்தாண்டுக்கு உறுதி இல்லாத பணத்தைக் காடு மீட்புக்கு ஏற்கவே கூடாது. விதை சேகரிப்புக்கும் நாற்றங்காலுக்கும் நடவுக்கு இரண்டாண்டு முன்பே பணம் இறங்க வேண்டும். ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு காட்டு வகைக்கும் நிலையான நாற்றங்கால் வேண்டும். திட்டம் முடிந்ததும் நாற்றங்காலைப் பூட்டிவிட்டு அடுத்த திட்டத்துக்குப் புதிதாகத் தொடங்குவது, பள்ளிக்கூடத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியரை மாற்றுவது போன்றது.

இரண்டாவது, பணத்தைத் தவணையாகப் பிரித்து, பிந்தைய தவணைகளைக் கன்று பிழைத்ததைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் எத்தனை இனம் உயிரோடு இருக்கிறது, பத்தாம் ஆண்டில் தானாக முளைத்த கன்று எத்தனை, எந்தப் பறவையும் விலங்கும் வந்திருக்கிறது என்று வெளியாள் ஒருவர் அளந்து, அந்த அளவை ஊரறிய வெளியிட வேண்டும். நடவு செய்தவரே தன் நடவுக்கு மதிப்பெண் போடும் வழக்கம் முடிவுக்கு வர வேண்டும். மூன்று ஆண்டுக்கு மேல் சமூகப் பொறுப்பு நிதியை இழுக்க முடியாது என்று நிறுவனங்கள் சொல்வதுண்டு. ஆண்டுதோறும் புதிய இடத்தில் நடுவதற்குப் பதில் அதே இடத்துக்கு ஆண்டுதோறும் புதிதாக ஒப்புதல் கொடுக்கலாமே, யார் தடுத்தது? அப்போது மூன்றாம் ஆண்டில் திறப்புவிழாப் பலகை கிடைக்காது. இருபதாம் ஆண்டில் காடு கிடைக்கும்.

மூன்றாவது, ஆட்கள். ஆனைமலையில் காடர்கள், நீலகிரியில் தொதவர், குறும்பர், இருளர். எந்த மரம் எந்த மாதம் பழுக்கும், இந்தச் சரிவில் முன்பு என்ன புல் இருந்தது என்று தெரிந்தவர்கள் இவர்கள். இவர்களை நாட்கூலிக் களையெடுப்பாளராகவும் தற்காலிக வேட்டைத் தடுப்புக் காவலராகவும் மட்டும் வைத்திருக்கிறோம். நாற்றங்காலின் பொறுப்பையும் நிலையான சம்பளத்தையும் அவர்களிடம் கொடுக்க வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிராம சபைக்கு உள்ள அதிகாரத்தைத் தாண்டி எந்த நடவும் நடக்கக் கூடாது. மேய்ச்சலுக்கும் தேனுக்கும் போகும் நிலத்தை வேலியடைத்து நட்டால் அந்த நடவு பிழைக்காது. பிழைக்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவதற்கும் காரணம் இருக்காது.

இப்படிச் செய்தால் செலவு கூடும், எண்ணிக்கை குறையும் என்பார்கள். கூடட்டும், குறையட்டும். ஒரு கோடி கன்று நட்டோம் என்று அறிவிக்கும் அமைச்சருக்கும், ஐம்பது ஹெக்டேர் மழைக்காடு பதினைந்து ஆண்டுகளில் மீண்டது என்று அறிவிக்கும் அமைச்சருக்கும் நாளிதழ்கள் ஒரே அளவு இடம் தருமா என்ற கேள்வி என்னைப் போன்று எழுதுபவர்களுக்கும் உரியது. முதலாவதை முதல் பக்கத்தில் போட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறவரை அதிகாரிகளை மட்டும் குறைசொல்ல நமக்குத் தகுதியில்லை. நடவுச் செய்தி வரும்போதெல்லாம், போன முறை நட்டவை என்ன ஆயின என்று ஒரு வரி கேட்டு எழுதும் வழக்கம் செய்தியறைகளில் வந்தாலே பெரிய மாற்றம் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டுக்கு இப்போது கொள்கை இருக்கிறது, நிதி இருக்கிறது, வால்பாறையிலும் கொடைக்கானலிலும் ஆரோவில்லிலும் செய்து காட்டிய அனுபவம் இருக்கிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் ஒதுக்கீட்டில் காடு மீட்புக்கென்று ஒரு பகுதியைத் தனிக்கணக்காகப் பிரித்து, அதற்குப் பத்தாண்டு உறுதி கொடுத்து, 33 விழுக்காட்டு இலக்கிலிருந்து சோலைப்புல்வெளிகளையும் முட்காடுகளையும் விலக்கி முதல்வர் ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். இரண்டாண்டு கழித்து வரும் பருவமழையில் வால்பாறையில் நட வேண்டிய வெடிப்பலாவின் விதை இந்த ஆண்டே நாற்றங்காலுக்குப் போயாக வேண்டும். அதனால் இந்த ஆணை அடுத்த நிதிநிலை அறிக்கைவரை காத்திருக்கக் கூடாது.